முடிச்சவிக்கின்னா கொஞ்சலா, வசவா?

கேள்வி: எங்க ஆச்சி பேரன கொஞ்சும்போது "ஏ முடிச்சவிக்கிப் பயலே, வாலே இங்க"ம்பாவ. அதே வார்த்தைய எங்க தெருக்காரர் ஒருத்தர் பலசரக்குக் கடையில சொல்லப்போயி பெரிய சண்டையாயிட்டு. இதுக்கு என்னதான் அர்த்தம்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆச்சி சொன்னதும் சரி, கடைக்காரருக்குக் கோவம் வந்ததும் சரி. முடிச்சு அவிழ்க்கி, அதாவது முடிச்ச அவுக்கவன். பேச்சுல 'ழ்' விழுந்து அவிக்கி ஆயிட்டு, அவ்வளவுதான், இட்லி அவிக்கதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

சட்டைப்பை, பர்ஸெல்லாம் வாரதுக்கு முன்ன காச எங்க வச்சிருந்தாவ? ஆம்பளைன்னா வேட்டி மடியில, பொம்பளைன்னா சேல முந்தியில. முந்தி நுனியில காச வச்சு சுருட்டி இறுக்கி ஒரு முடிச்சப் போட்டு அத அப்படியே இடுப்புல சொருகிருவாவ. இப்பவும் சந்தையில கீரை விக்கிற ஆச்சிமாரு சில்லறை எடுக்கும்போது பாருங்க, முடிச்சு கைக்கு வராட்டா பல்லால கடிச்சுத்தான் இளக்குவாவ. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துல வடம் பிடிக்கிற கூட்டத்துல இடிபட்டு நிக்கும்போது, போட்டவங்களுக்கே பல்லு தேவைப்படுற அந்த முடிச்ச ஒருத்தன் ரெண்டே விரலால, உடம்புல படாம அவுத்து காச எடுத்துட்டுப் போறான்னா அவன் சாதாரணத் திருடனாவே?

அந்த விரல் சாமர்த்தியத்து மேல நம்ம ஊர்க்காரங்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு ஆச்சரியம் உண்டு. அதான் தூக்குவாளிய சத்தமில்லாம தொறந்து முறுக்கத் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கிற பேரன ஆச்சி அப்படிக் கூப்பிடுதாவ. ஆனா கல்லாப்பெட்டி முன்னால நின்னு சொன்னா அது நேரா திருட்டுப் பட்டம், அடி விழாம வந்தாரேன்னு உங்க தெருக்காரர்ட்ட சொல்லுங்க. காசு நடுவுல இருக்கிற எடத்துல இந்த வார்த்தைய வாயிலயே எடுக்காதீங்க.

முடிச்சுமாறின்னும் ஒண்ணு உண்டு, அதுவும் அதே ஆளுதான், ஆனா அத யாரும் கொஞ்சலா சொல்லி நான் கேட்டதில்ல. கில்லாடின்னா பயமே வேண்டாம், இந்தியில கிலாடின்னா விளையாட்டுக்காரன், இங்க வந்து கெட்டிக்காரனாயிட்டு, மேடையில வச்சே சொல்லலாம். அப்புறம் காசு மடியில இருந்து சட்டைக்கு ஏறினதும் முடிச்சுக்கு வேலையில்லாம போயி ஜேப்படித் திருடன்னு ஆரம்பிச்சுட்டோம், ஜேப்புன்னா உருதுல சட்டைப்பை.

எத்தன் மட்டும் வேற ஜாதி. முடிச்சவிக்கி வாயத் தொறக்கவே மாட்டான், அவனுக்கு வேலையெல்லாம் விரலுல. எத்தனுக்கு மூலதனமே வாய்தான், பேசிப் பேசி கடைசியில நம்மளே நம்ம கையால எடுத்துக் குடுத்துருவோம். பேங்க்ல இருந்து பேசுதேன்னு போன் போட்டு ஓடிபி வாங்குதானே, அவன முடிச்சவிக்கின்னு திட்டுதாவ பலபேரு, அது தப்பு. நம்பர நம்மதான வாசிச்சுச் சொன்னோம், அவன் எத்தன்!