14 வயதுப் பையனின் கோபம்: குணமா, கோளாறா?

"என் மகனுக்கு 14 வயது. சின்ன வயதிலிருந்தே முன்கோபி. இந்த மூன்று நான்கு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடக்கிறான். ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறான். இது அவன் குணம்தானா, இல்லை டாக்டரிடம் காட்ட வேண்டிய விஷயமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் எழுதியதில் இரண்டு வெவ்வேறு செய்திகள் இருக்கின்றன. முன்கோபம் அவனுடைய சுபாவம். கதவைச் சாத்திக்கொண்டது ஒரு மாற்றம். சுபாவத்தோடு வாழப் பழகிக்கொள்ளலாம். மாற்றம் என்றால் விசாரித்தே ஆக வேண்டும். இந்த இரண்டையும் நான் போட்டுக் குழப்பிக்கொண்டதில் என் மகள் கிட்டத்தட்ட ஒரு வருடம் தனியாகக் கஷ்டப்பட்டாள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு பேர். இளையவன் உங்கள் மகன் ரகம். நினைத்தது நடக்காவிட்டால் வீடு இரண்டுபடும். பள்ளியிலிருந்து வரும் புகாரெல்லாம் அவனைப் பற்றித்தான். மூத்தவள் சமர்த்து. சொன்ன பேச்சைக் கேட்பாள், எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பாள். எங்கள் கவலை முழுவதையும் அவனுக்கே செலவழித்தோம்.

அவளுக்கு 15 வயதாக இருந்தபோது ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு மேலும் அவள் அறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தேன். மேசை முழுக்க ரப்பர் தூள். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதியதில் தாள் நைந்து, அடுத்த பக்கத்து எழுத்து தெரிந்தது. குப்பைக்கூடையில் கசக்கிப் போட்ட தாள்கள். ஒன்றைப் பிரித்தேன், இன்னொன்றைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதே மூன்று வரி. "எழுத்து கோணலாப் போகுதும்மா" என்றாள். எனக்கு அப்போது வந்தது கவலை இல்லை, பெருமை. மறுநாள் என் அக்காவிடம் போனில், "அவளுக்கு எவ்வளவு பொறுப்பு பாரேன்" என்று சொன்னேன். இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

அப்புறம் தினமும் காலையில் வயிற்றுவலி வர ஆரம்பித்தது. எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று, உடம்பில் ஒன்றுமில்லை. மருத்துவர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். அந்த அம்மா என்னிடம் முதலில் கேட்டது: "ஒரு வருஷத்துக்கு முன்னாடி இவ எப்படி இருந்தா?"

சட்டென்று பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், ஒரு வருடத்துக்கு முன்பு அவள் தம்பியோடு ரிமோட்டுக்குச் சண்டை போடுவாள். தோழிகளோடு மணிக்கணக்கில் பேசிச் சிரிப்பாள். இரண்டுமே எப்போதோ நின்றுபோயிருந்தன. சண்டை நின்றதில், பக்குவம் வந்துவிட்டது என்று நாங்கள் நிம்மதிகூட அடைந்திருந்தோம்.

ஆலோசகர் 25 வரிகள் கொண்ட ஒரு படிவம் தந்தார். ராபர்ட் குட்மன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1997-ல் வெளியிட்டது, பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயமாக உண்மை என்று மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். பெற்றோருக்கு ஒரு தாள், ஆசிரியருக்கு ஒரு தாள், 11 வயது ஆன பிள்ளை என்றால் அதற்கே ஒரு தாள். நிறையக் கவலைப்படுவது பற்றி ஒரு வரி வரும். அதில் நான் 'உண்மையில்லை' என்று குறித்திருந்தேன். அவள் 'நிச்சயமாக உண்மை' என்று குறித்திருந்தாள். இரண்டு தாளும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

அன்று அவர் சொன்னதையும் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பிள்ளைகளின் மனப் பிரச்சினைகளை உள்ளே திரும்புபவை, வெளியே பாய்பவை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். 1966-ல் தாமஸ் ஆக்கன்பாக் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த ஆய்வு இதற்கு அடித்தளம். பதற்றம், மனச்சோர்வு, காரணமில்லாத உடல்வலி எல்லாம் உள்ளே திரும்புபவை. அடிதடி, பொய், விதிமீறல் எல்லாம் வெளியே பாய்பவை. இயல்பிலேயே எளிதில் கலங்கிப்போகும் பிள்ளைக்கு முதல் வகை வரும் வாய்ப்பு அதிகம். விட்டுக்கொடுக்கும் குணமும் பொறுப்பும் குறைவாக உள்ள பிள்ளைக்கு இரண்டாம் வகை. வாய்ப்புதான், தலையெழுத்து இல்லை. வெளியே பாய்வது அடுத்தவரைத் தொந்தரவு செய்வதால் உடனே கண்ணில் படும். உள்ளே திரும்பியது, பிள்ளையாக வாய் திறந்து சொன்னால்தான் உண்டு.

உங்கள் மகன் விஷயத்தில் எனக்குப் பதற்றம் தருவது இதுதான். மனச்சோர்வு என்றதும் மூலையில் உட்கார்ந்து அழும் ஓர் உருவம்தான் நமக்கு மனதில் வருகிறது. பதின்பருவத்தில் அது பல சமயம் எரிச்சலாகத்தான் வெளியே தெரியும். மருத்துவர்கள் பின்பற்றும் நோயறிதல் விதிகளிலேயே, இந்த வயதில் சோகத்துக்குப் பதில் எரிச்சல் இருந்தாலும் கணக்கில் எடுக்கலாம் என்று இருக்கிறது. ஆகவே "அவன் எப்பவுமே முன்கோபிதானே" என்று விட்டுவிடாதீர்கள். முன்கோபிக்கும் மனச்சோர்வு வரும். வந்தால் அவனுடைய பழைய கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும்.

வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது? என் மகனின் கோபத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், ஒரு முடிவும் இருக்கும். கால் மணி நேரத்தில் "பசிக்குது" என்று வந்து நிற்பான். உங்கள் மகனின் பழைய கோபமும் அப்படி இருந்திருந்தால், இப்போதைய கோபத்தை அதோடு வைத்துப் பாருங்கள். காரணமே இல்லாமல் வருகிறதா, வந்தது போகவே மாட்டேன் என்கிறதா? பிடித்த விளையாட்டை விட்டுவிட்டானா, நண்பர்கள் கூப்பிட்டாலும் போவதில்லையா, தூக்கமும் சாப்பாடும் மாறியிருக்கின்றனவா? பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனால் காட்டிவிட வேண்டியதுதான். நீங்கள் மூன்று நான்கு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அதே சமயம், கதவு சாத்துவதெல்லாம் நோயும் இல்லை. இந்த வயதில் தனிமை தேடுவது இயல்பு. பொறுப்புணர்வும் இணங்கிப்போகும் குணமும் பதின்பருவத் தொடக்கத்தில் கொஞ்சம் இறங்கி, பிறகு மறுபடி ஏறுவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். குண விஷயத்தில் அது முழுக்க உண்மை இல்லை. டெர்ரி மோஃபிட் என்ற உளவியலாளர் 1993-லேயே, இந்த வயதில் விதி மீறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதோடு அதை விட்டுவிடுகிறவர்கள், சிறு வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறவர்கள் சிலர்தான் என்று எழுதினார். கதவு திறக்கும் நேரங்களில் அவன் பழையபடி இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, இது பெற்றோருக்கு. 1956-ல் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மருத்துவத் தம்பதி நியூயார்க்கில் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனிக்க ஆரம்பித்தார்கள். பிள்ளையின் சுபாவத்தை மட்டும் பார்த்துப் பிரச்சினை வருமா வராதா என்று சொல்ல முடியாது, அந்தச் சுபாவமும் அதைச் சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. என் மகன் குரலை உயர்த்தினால் நானும் உயர்த்துவேன். இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம். இப்போது அவன் கத்தும்போது நான் பதில் சொல்வதில்லை, அரை மணி நேரம் கழித்து வண்டியில் போகும்போது பேசுகிறேன். முகத்துக்கு முகம் பார்க்காமல் இருப்பதால் அவனும் பேசுகிறான். உங்கள் மகனிடமும் முயற்சி செய்து பாருங்கள். "ஏன் இப்படி இருக்க?" என்று கேட்காதீர்கள், அது குற்றப்பத்திரிகை மாதிரி இருக்கும். "இப்பல்லாம் நீ விளையாடவே போறதில்லையே, கவனிச்சேன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

செத்துப் போகலாம், நான் இல்லாவிட்டால் நல்லது என்கிற மாதிரி எதையாவது சொன்னாலோ, உடம்பில் கீறல் தெரிந்தாலோ அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். சாவது பற்றி யோசிக்கிறாயா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணத்தை நாம் விதைத்துவிட மாட்டோம்.

என் மகள் இப்போது நன்றாக இருக்கிறாள். இன்னும் கவலைப்படுகிறவள்தான், அது அவள் சுபாவம். ஆனால் போன வாரம் அடித்துத் திருத்திய ஒரு பக்கத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். ரிமோட்டுக்குச் சண்டையும் திரும்ப வந்துவிட்டது.

டாக்டரிடம் போவதற்கு முன்பு, போன வருடம் இதே சமயத்தில் உங்கள் மகன் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தான் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.