வாட்ச் காட்டும் ஏழு மணி நேரம்

கேள்வி: மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடும் என் தம்பி, ராத்திரி முழுக்கக் கண்ணே மூடவில்லை என்கிறான். அவன் கையிலுள்ள ஸ்மார்ட் வாட்ச் 7 மணி நேரம் தூங்கியதாகக் காட்டுகிறது. பொய் சொல்கிறான் என்று அம்மா திட்டுகிறார். மெத்தைக்கு அடியில் வைக்கும் சென்சாரை அவனுக்குத் தெரியாமல் வைத்துப் பார்க்கலாமா?
- ஒரு சகோதரி, கோத்தகிரி

பதில்: முதலில் அம்மா திட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள். வாட்ச் முக்கியமாகப் பார்ப்பது மணிக்கட்டின் அசைவை. கை அசையாமல் கிடந்தால் தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். மனச்சோர்வில் இருப்பவர்கள் தூக்கம் வராமலே மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருப்பதுண்டு. சில மாத்திரைகளும் அசைவைக் குறைக்கும். கணக்கு அதனால்தான் கூடுதலாக வருகிறது. லேசாகத் தூங்கியும் விழித்தே கிடந்ததாக உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் பொய்யல்ல, தூக்கமின்மையின் ஒரு வகை.

மூளை அலைகளைப் பதிவு செய்யும் பாலிசாம்னோகிராபி என்ற தூக்கப் பரிசோதனைதான் இதை உறுதியாகச் சொல்லும். குறட்டை, மூச்சுத் திணறல், கால் உதறல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அவசியமென்றால் அந்தப் பரிசோதனைக்குக் கோவைக்கு எழுதித் தருவார். வெறும் தூக்கமின்மைக்கு வழக்கமாக அது தேவைப்படாது.

வாட்சைத் தூக்கிப் போட வேண்டாம். 14 நாள் தொடர்ந்து கட்டட்டும்: வலது கைப் பழக்கம் என்றால் இடது கையில், மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஸ்வெட்டருக்கு உள்ளே தோலோடு ஒட்டி. நம் மலைக் குளிரில் கை சில்லிட்டால் தோலில் ரத்த ஓட்டம் குறையும். வாட்சின் பச்சை வெளிச்சத்துக்கு நாடி சரியாகப் பிடிபடாது. 'ஆழ்ந்த தூக்கம்' என்று அது காட்டும் நிமிடங்களை எப்படியும் நம்ப வேண்டாம். படுத்த நேரம், எழுந்த நேரம், நாளுக்கு நாள் அவை எவ்வளவு மாறுகின்றன என்பதுதான் டாக்டருக்கு உதவும்.

கூடவே ஒரு நோட்டு. தினமும் காலையில் தம்பியே எழுதட்டும்: விளக்கணைத்தது, தூங்கியதாகத் தோன்றிய நேரம், விழிப்பு, பகல் தூக்கம், மாத்திரை, வாட்சைக் கழற்றி வைத்த நேரம். மேசையில் கிடக்கும் வாட்ச்கூடத் தூங்கியதாகக் கணக்குக் காட்டலாம்! ராத்திரியில் மணி பார்க்கவே கூடாது, உத்தேசமே போதும். படுக்கையில் 8 மணி நேரம், தூக்கம் 6 என்றால், படுத்த நேரத்தில் 75 சதவீதம் தூக்கம். 85-க்கு மேல் இருந்தால் நல்லது.

மெத்தை சென்சாரை ரகசியமாக வைக்கவே வேண்டாம். கண்டுபிடித்தால் உங்கள் மேலும் மாத்திரை மேலும் உள்ள நம்பிக்கை போய்விடும். பக்கத்தில் வேறு யாராவது படுத்தால் அவர்கள் புரள்வதும் அதில் கலந்துவிடும்.

இந்த எண்களைப் பார்த்து மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. இரண்டு மூன்று ராத்திரி கொஞ்சமே தூங்கியும் களைப்பில்லாமல், வேகவேகமாகப் பேசிக்கொண்டு உற்சாகமாக இருந்தால், 14 நாள் முடியக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். டாக்டர் கிடைக்காத நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.