கியோட்டோவின் பழைய விடுதி: அம்மாவின் முழங்காலுக்குச் சரிப்படுமா?

கேள்வி: அப்பாவோடும் அம்மாவோடும் ஜப்பான் போகிறோம். கியோட்டோ நகர நடுவில் பழங்காலத்து ரியோகான் (ஜப்பானியப் பாரம்பரிய விடுதி) ஒன்றில் மூன்று இரவு தங்க ஆசை. நாங்கள் சைவம். அம்மாவுக்கு முழங்கால் வலி. சரிப்படுமா?

பதில்: தாராளமாகத் தங்கலாம். ஆனால் ஒரே ஒரு இரவு போதும், மற்ற இரண்டுக்கும் சாதாரண ஹோட்டல் பாருங்கள். ரியோகானில் பெரும்பாலும் அறைக்கு வாடகை இல்லை, தலைக்குத்தான். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் அதில் சேர்த்தி. நாளெல்லாம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்கு வந்து படுத்தால் கொடுத்த காசு வீண். மூன்று, நான்கு மணிக்கே போய்விடுங்கள். குளியல், யுகாட்டா என்ற பருத்தி அங்கி, அறைக்கே வரும் சாப்பாடு, பிறகு தாத்தாமிப் பாய்மேல் மெத்தை விரித்துத் தருவது என்று அந்த மாலைப் பொழுதுக்காகத்தான் அங்கே போவதே. ஃபூயாச்சோ தெருவில் தவாராயா, ஹீராகியா என்ற இரண்டு பழைய ரியோகான்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஹீராகியா 1818-இல் தொடங்கியது. இரண்டுமே விலை மிக அதிகம். அதே வட்டாரத்தில் எளிய ரியோகான்களும் உண்டு.

உங்களுக்குப் பெரிய சிக்கல் சாப்பாடுதான். ஜப்பானியச் சமையலுக்கு அடிப்படை தாஷி என்ற சாறு. கடற்பாசியோடு, காயவைத்துப் புகையூட்டிய சூரை மீனைச் சீவிப் போட்டு எடுப்பது. வெறும் கத்தரிக்காய், கீரை என்று தட்டில் தெரிந்தாலும் அதில் தாஷி இருக்கும். அதனால் ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் போதாது. ‘இறைச்சி, மீன் வேண்டாம், மீன் தாஷியும் வேண்டாம்’ என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. முடியாது என்று பதில் வந்தால் ‘சுதோமாரி’, அதாவது சாப்பாடு இல்லாத தங்கல், கிடைக்குமா என்று கேளுங்கள். மறுநாள் மதியம் கியோட்டோவின் மேற்கே அராஷியாமா பகுதியில், தென்ரியூஜி கோயிலின் ஷிகெட்சு என்ற உணவகத்தில் புத்த துறவிகளின் சைவச் சாப்பாடு சாப்பிடலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் முழங்கால். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், தரையில்தான் படுக்கை. உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். நாற்காலி, மேசை போடுவார்களா, கட்டில் உள்ள அறை உண்டா, தரைத்தளம் கிடைக்குமா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். பழைய மரக் கட்டடங்களில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும், லிஃப்ட் இருக்காது.

பெட்டியைத் தாத்தாமியில் உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் குளித்த பிறகே வெந்நீரில் இறங்க வேண்டும். அடுத்தவருக்கும் அதே தண்ணீர்தான், திறந்து விட்டுவிடாதீர்கள். யுகாட்டா கட்டும்போது வலப்பக்கத்தின்மேல் இடப்பக்கம் வர வேண்டும். மாற்றிக் கட்டுவது அங்கே இறந்தவர்களுக்கு மட்டும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.