ஆன்ஃபீல்டின் மூத்த பிள்ளை

கேள்வி: ஆன்ஃபீல்டு என்றால் லிவர்பூல் கால்பந்து மைதானம் என்றுதான் நினைத்திருந்தேன். அதே பெயரில் ஒரு பழைய சைக்கிள் கிளப் இருப்பதாக என் மகன் சொல்கிறான். மைதானத்துக்காரர்களின் கிளையா அது?
- வாசகர், திருப்பூர்

பதில்: கிளையா? வயதில் அண்ணன்! லிவர்பூல் கால்பந்து அணி பிறந்தது 1892-ல். அந்த மைதானமே 1884-ல் வந்ததுதான். ஆன்ஃபீல்டு பைசைக்கிள் கிளப் தொடங்கியது 1879-ல். இருவரும் பேட்டையின் பெயரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அன்றைய சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்னால் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னால் பேருக்கு ஒன்று. செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கர அச்சில் இருக்கும். ஒரு மிதிக்கு ஒரு சுற்றுதான் என்பதால், வேகம் வேண்டுமென்றால் சக்கரம் பெரிதாக வேண்டும். கால் எட்டுகிற வரை பெரிதாக்கினார்கள். கல் தடுக்கினால் ஆள் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகீழாகப் போய் விழுவார். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவன் நான். முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது. இந்த வண்டியில் குரங்குப் பெடலுக்கும் வழியில்லை.

இந்தக் கிளப்பின் ஜி. பி. மில்ஸ் என்ற 19 வயதுப் பையன், 1886-ல் அப்படியொரு வண்டியில் பிரிட்டனின் தென்மேற்கு முனை லேண்ட்ஸ் எண்டிலிருந்து ஸ்காட்லாந்தின் ஜான் ஓ'குரோட்ஸ் வரை போனார். 1,300 கிலோமீட்டருக்கு மேல். 5 நாள், 1 மணி, 45 நிமிடம். டன்லப்பின் காற்றடைத்த டயர் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ரப்பர் பட்டைதான், சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்புக்குத் தெரிந்திருக்கும். 1891-ல் முதல் போர்தோ - பாரிஸ் பந்தயம். போட்டி நாள்கணக்கில் நீளும் என்று நினைத்து வழியில் படுக்கையெல்லாம் போட்டுவைத்திருந்தார்கள். மில்ஸ் படுக்கவே இல்லை. 572 கிலோமீட்டரை 26 மணி, 34 நிமிடத்தில் முடித்து முதலாவதாக வந்தார்.

கிளப் 1889-ல் ஆரம்பித்த நூறு மைல் போட்டிக்கு 'ஆன்ஃபீல்டு 100' என்று பெயர். அப்புறம் 1890-களில், போலீஸ் தொல்லை வரும் என்று பயந்து, சாலைப் பந்தயமே கூடாது என்று அந்த நாட்டு சைக்கிள் சங்கம் சொல்லிவிட்டது. போலீஸ் கண்ணில் படாமல் ஓட்ட நம் ஆட்கள் எல்லா ஊரிலும் வழி கண்டுபிடிப்பார்கள் அல்லவா? அங்கே கண்டுபிடித்தது இது: விடியற்காலையில் ஒவ்வொருவராக, இடைவெளி விட்டுக் கிளம்ப வேண்டும், தோளிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை, பாதைக்குச் சங்கேதக் குறியீடு. கடிகாரத்தோடு மட்டுமே போட்டி. பார்க்கிறவர்களுக்கு யாரோ அவசர வேலையாகப் போகிறார் என்றுதான் தோன்றும். திருட்டுத்தனத்தில் பிறந்த இந்த 'டைம் டிரையல்' இன்று ஒலிம்பிக்ஸ் வரை வந்துவிட்டது.

மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பெரிய சக்கர வண்டியில் மில்ஸ் வைத்த அந்தச் சாதனை முறியடிக்கப்பட்டது 2019-ல். 133 வருஷம் கழித்து, அதே மாதிரிப் பெரிய சக்கரத்தில்.