முன்னாள் மாணவர்களிடம் ஆண்டு நன்கொடை திரட்டும் வேலை எப்படி இருக்கும்? சேரலாமா?

ஒரு பல்கலைக்கழகத்தில் ஆண்டு நன்கொடைப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, நாள் முழுக்க போன் போட்டுப் பணம் கேட்பதுதான் வேலையா, கூச்ச சுபாவம் உள்ளவன் சேரலாமா, சம்பளம் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். சேரலாம். நீங்கள் பயப்படுவது கேட்பதைப் பற்றி, அது ஒரு மாதத்தில் பழகிவிடும். பழகாத விஷயங்கள் வேறு இருக்கின்றன.

நான் இந்த வேலையில் எட்டு வருடம் இருந்தேன். முதல் இரண்டு வருடம் மாணவனாக, மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை ஹெட்செட் மாட்டிக்கொண்டு மணிக்கணக்குச் சம்பளத்துக்கு. அப்புறம் அதே பிரிவில் ஆறு வருடம் முழுநேர ஊழியன்.

முதலில் இது என்ன வேலை என்று தெளிவாகிவிடட்டும், ஏனென்றால் வீட்டில் சொன்னால் யாருக்கும் புரியாது. கட்டடத்துக்குப் பெயர் வைக்கும் அளவுக்குக் கொடுப்பவர்களைப் பார்க்கப் போவது வேறு ஆட்கள், அது பெருந்தொகைப் பிரிவு, அவர்கள் ஒரு நன்கொடைக்காக இரண்டு மூன்று வருடம்கூடப் பொறுமையாக அலைவார்கள். ஆண்டு நிதி என்பது ஆயிரக்கணக்கானவர்களிடம் வருடாவருடம் சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டுவது. இது புது விஷயமும் இல்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் நிதி 1890-லேயே தொடங்கிவிட்டது, மற்ற இடங்கள் அதைப் பார்த்துத்தான் பின்னால் வந்தன.

சின்னத் தொகைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. மேனேஜர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். மூலதன நிதி என்று வங்கியிலும் பங்குகளிலும் போட்டு வைத்திருப்பதிலிருந்து பல்கலைக்கழகங்கள் பொதுவாக வருடத்துக்கு 4 முதல் 5 சதவீதம்தான் எடுத்துச் செலவு செய்யும். அப்படியென்றால் ஒருவர் இந்த வருடம் கொடுக்கும் 100, மூலதன நிதியில் 2,000 அல்லது 2,500 கிடந்து செய்யும் வேலையைச் செய்கிறது. அதிலும் இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுக்காத பணமாக இருந்தால் நிர்வாகத்துக்குத் தங்கம் மாதிரி, நடு வருடத்தில் ஒரு மாணவருக்குப் படிப்பைத் தொடர வழியில்லாமல் போனால் கை வைக்க முடிவது அதில்தான். ஆனால் கொடுப்பவருக்கு அதுதான் உறுத்தும். "என் காசு கரண்ட் பில்லுக்கா போகும்?" என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா. ஆமாம் சார், கொஞ்சம் போகும், லைட் எரியாத நூலகத்தில் எப்படிப் படிப்பது என்று நான் நேராகவே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள், மீதிப் பேர் நூலகத்துக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள், அதுவும் சரிதான்.

போன் வேலையில் சூத்திரம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பேச்சுக் கொடுப்பது, அவர் படித்த காலத்தைப் பற்றிக் கேட்பது, அப்புறம் முதலில் ஒரு பெரிய தொகை, அவர் தயங்கினால் நடுத்தரம், அதற்கும் தயங்கினால் ஒரு சின்னத் தொகை. மூன்று முறை கேட்டாயிற்றா, அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இதில் கஷ்டமான இடம் கேட்டு முடித்த பிறகு வரும் மௌனம். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், மூன்று நான்கு விநாடிதான், ஆனால் அந்த நேரத்தில் நம் ஆட்கள் பதறிப்போய் "முடியாவிட்டால் பரவாயில்லை சார்" என்று தாங்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். நானும் முதல் மாதம் முழுக்க அப்படித்தான். யாரும் மறுக்கவே இல்லை, எல்லோருக்காகவும் நானே மறுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஒப்புக்கொண்ட பணமும் வந்த பணமும் ஒன்று இல்லை. "அனுப்பி வைக்கிறேன் தம்பி" என்பதை வாக்குறுதி என்று பதிவு செய்வோம், அதில் ஒரு பங்கு வராது. அதனால்தான் அப்போதே கார்டில் வாங்கப் பார்ப்பது, முடிந்தால் மாதாமாதம் தானாகப் போகிற மாதிரி மாற்றிவிடுவது. அப்படி மாற்றியவர் கார்டு காலாவதி ஆகும்வரை இருப்பார். அந்தத் தேதியை யாராவது கவனிக்க வேண்டும், யாரும் கவனிக்க மாட்டார்கள், கவனித்தால் அந்த ஒன்றிலேயே உங்களுக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

இன்னொன்று, கொடுக்கச் சம்மதித்தவரிடம் எங்கே வேலை பார்க்கிறார் என்று மறக்காமல் கேளுங்கள். ஊழியர் கொடுக்கும் அளவுக்கு நிறுவனமும் சேர்த்துக் கொடுக்கும் வழக்கத்தை 1954-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் தொடங்கிவைத்தது, இப்போது பல பெரிய நிறுவனங்களில் உண்டு. ஆனால் ஊழியர்தான் விண்ணப்பிக்க வேண்டும், நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலானவர்கள் இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் இல்லை என்பதில் பல வகை இருக்கிறது. இப்போது இல்லை, படிப்புக் கடன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் துறைக்கு இல்லை, என் வழிகாட்டி என்னை என்ன பாடு படுத்தினார் தெரியுமா. இவ்வளவு இல்லை. போனில் இல்லை, மெயில் அனுப்பு. எப்போதுமே இல்லை, இனிமேல் கூப்பிடாதே. இவை எல்லாவற்றுக்கும் திரையில் இருந்த பட்டன் ஒன்றே ஒன்று, 'மறுத்தார்'. பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம். அடுத்த அழைப்பு தானாக வந்து விழுவதற்குள் அந்தக் கட்டத்தில் இரண்டு வரி எழுதுகிறீர்களா என்பதில்தான் இந்த வேலை இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் எழுதவில்லை. காரணம் சோம்பல் இல்லை, மணிக்கு எத்தனை அழைப்பு என்று மேலே போர்டில் ஓடிக்கொண்டிருந்தது.

எழுதினாலும் எங்கே போகிறது என்பது அடுத்த கதை. இரண்டாம் வருடம் ஒரு இரவு ஒரு எண்ணுக்குப் போட்டு, வழக்கம்போல உற்சாகமாக, சார் இருக்கிறாரா என்று கேட்டேன். ஒரு அம்மா எடுத்தார். "அவர் போய் மூணு வருஷம் ஆகுது தம்பி" என்றார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவர் நிறுத்தினார். "போன வருஷமும் உங்க ஆள் ஒருத்தர் இப்படித்தான் மன்னிப்புக் கேட்டார். அதுக்கு முந்தின வருஷம் ஒரு பொண்ணு. நல்ல பொண்ணு, அழுதிடுச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் போய்த் தோண்டினால், அந்தப் பெண் குறிப்பு எழுதியிருக்கிறார், அதற்குப் பிறகு கூப்பிட்டவரும் எழுதியிருக்கிறார். ஆனால் நாங்கள் போன் பேசிய மென்பொருள் ஒன்று, பல்கலைக்கழகத்தின் முதன்மைத் தகவல்தளம் வேறொன்று. இரவு முடிந்ததும் முன்னதிலிருந்து பின்னதற்குத் தொகையும் முடிவும் போகும், குறிப்புக் கட்டம் போகாது. 'இறந்துவிட்டார்' என்பதற்குத் தனி முடிவும் கிடையாது, அதனால் இரண்டு பேருமே 'மறுத்தார்' என்று அழுத்தியிருக்கிறார்கள். மறுத்தவரை அடுத்த வருடம் மறுபடி கேட்கலாம் என்பது விதி. யாரும் தப்புச் செய்யவில்லை, வருடாவருடம் அந்த அம்மாவுக்கு மட்டும் போன் போய்க்கொண்டே இருந்தது. தனி முடிவு ஒன்றைச் சேர்க்க வைக்க எனக்கு ஏழு மாதம் ஆனது. எட்டு வருடத்தில் உருப்படியாகச் செய்த காரியம் எது என்றால் நான் திரட்டிய தொகையைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

நிதியாண்டு முடிகிற இரவு ஒரு மாதிரியான நாள். நள்ளிரவு வரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும், எல்லோரும் கைதட்டுவார்கள், விடிந்து பார்த்தால் போர்டில் சுழி. பழைய வருடம் கணக்கிலேயே இல்லை, எல்லாம் முதலிலிருந்து. ஒரு பேச்சுக்கு, போன வருடம் கொடுத்தவர்கள் 10,000 பேர், அவர்களில் 6,000 பேர்தான் இந்த வருடமும் கொடுக்கிறார்கள் என்று வையுங்கள், அப்போது இருந்த இடத்திலேயே நிற்க மட்டும் 4,000 புது ஆட்கள் வேண்டும். முதல் முறை கொடுத்தவர் மறுமுறை கொடுப்பது இன்னும் அரிது. அதனால் இந்தத் துறையில் போன வருடம் கொடுத்து இந்த வருடம் இன்னும் கொடுக்காதவர்களுக்கு 'லைபன்ட்' என்று ஒரு தனிப் பெயரே உண்டு, எப்போதோ கொடுத்து இப்போது கொடுக்காதவர்கள் 'சைபன்ட்'. சேர்ந்த முதல் வாரமே இந்த இரண்டு சொல்லும் காதில் விழும். லைபன்ட் பட்டியலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்தான் கெட்டிக்காரர், புது ஆட்களைத் துரத்துவது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பயிற்சியில் அமெரிக்கக் கோடீஸ்வரர் மைக்கேல் புளூம்பெர்க் கதையையும் கட்டாயம் சொல்வார்கள். 1964-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர், மறுவருடம் அவர் கொடுத்த முதல் நன்கொடை 5 டாலர், 2018-ல் மாணவர் உதவிக்காக அதே இடத்துக்குக் கொடுத்தது 180 கோடி டாலர். உண்மைதான். ஆனால் 5 டாலர் கொடுத்த மற்றவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? பெரும்பாலும் அடுத்த வருடமும் 5 டாலர் கொடுத்திருப்பார்கள், இல்லையென்றால் நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு சின்ன நன்கொடையாளரையும் வருங்காலக் கோடீஸ்வரராகப் பார்த்து நடத்தினால் உங்கள் குரலே மாறிவிடும், எதிரில் இருப்பவருக்கு அது கேட்கும்.

எத்தனை சதவீதம் பேர் கொடுத்தார்கள் என்ற கணக்கு ஒரு காலத்தில் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. யு.எஸ். நியூஸ் பத்திரிகையின் பல்கலைக்கழகத் தரவரிசையில் அதற்கும் மதிப்பெண் இருந்தது, 2023-ல் வெளியான பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதுவரை, எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் ஒரு தலை ஒரு தலைதான் என்று கெஞ்சும் பிரச்சாரங்கள் நடந்தன. போனதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் மேலதிகாரிகள் மனதிலிருந்து அந்த எண் இன்னும் போகவில்லை.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திரட்டிய தொகையில் கமிஷன் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிவிடுங்கள், நிதி திரட்டுவோருக்கான ஏ.எஃப்.பி அமைப்பின் நெறிமுறையே அதைக் கூடாது என்கிறது. நிலையான சம்பளம்தான், டார்கெட் அழுத்தம் மட்டும் விற்பனை வேலை மாதிரியே இருக்கும். பெரிய சம்பளம் இல்லை. இரண்டு மூன்று வருடத்தில் பலர் பெருந்தொகைப் பிரிவுக்குத் தாவிவிடுவார்கள், அதனால் ஆண்டு நிதியில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், குறிப்புகள் தொலைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

போனும் இப்போது முன்பு மாதிரி இல்லை, தெரியாத எண்ணை யார் எடுக்கிறார்கள். மெயில், குறுஞ்செய்தி, அப்புறம் 'கொடை நாள்' என்று 24 மணி நேரக் கூத்து. 2012-ல் நன்கொடைக்கென்றே ஒரு செவ்வாய்க்கிழமை, 'கிவிங் டியூஸ்டே', வந்தபிறகு பல்கலைக்கழகங்களும் தங்களுக்கென்று ஒரு நாளைப் பிடித்துக்கொண்டன. "500 பேர் கொடுத்தால் ஒருவர் பெருந்தொகை கொடுப்பார்" என்று அன்றைக்கு அறிவிப்பு வரும். 499 பேரோடு நின்றிருந்தால் அவர் உண்மையிலேயே கொடுக்காமல் போயிருப்பாரா என்று நான் ஒருமுறை கூட்டத்தில் கேட்டேன், பதில் வரவில்லை, அடுத்த கூட்டத்துக்கு அழைப்பும் வரவில்லை.

கடைசி வருடம் நடந்தது ஒன்று. லைபன்ட், சைபன்ட் எதிலும் இல்லாத, ஒருமுறைகூடக் கொடுக்காத ஒருவரின் பதிவில் பழைய குறிப்பு இருந்தது. யாரோ ஒரு மாணவர் ஆறு வருடத்துக்கு முன் எழுதியது: "இரண்டாவது பெண் படிப்பு முடிந்ததும் கூப்பிடச் சொன்னார்." அவ்வளவுதான். எப்போது முடியும் என்றுகூட இல்லை. கூப்பிட்டேன், குறிப்பை அப்படியே படித்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போன மாசம்தான் முடிச்சா" என்றார். தொகை பெரிதில்லை. அந்தக் குறிப்பை எழுதியது யார் என்று தேடிப் பார்த்தேன், அந்த மாணவர் ஒரே ஒரு பருவம்தான் வேலை பார்த்திருக்கிறார், போர்டில் கடைசி இடங்களில் இருந்தவராம்.

வேலையில் சேருமுன் அவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். போன வருடம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் கொடுத்தார்கள்? போனில் எழுதும் குறிப்பு எங்கே போய்ச் சேருகிறது? முதல் கேள்விக்கு எண் சொல்வார்கள். இரண்டாவதற்கு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ஆனால் சேர்ந்த முதல் வாரமே பட்டியலில் 'மறுத்தார்' என்று இருப்பவர்களின் பழைய குறிப்புகளைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் படியுங்கள்.