ஏ9 வீதியில் அடப்டிவ் குரூஸ்: கேட்டதும் சொன்னதும்

ஏ9 வீதியால் கொழும்புக்குப் போய் வந்ததைப் பற்றி எழுதியபோது, பாதித் தூரம் அடப்டிவ் குரூஸ் கொன்ட்ரோல் (முன்வாகனத்தைப் பார்த்துத் தானாக வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) போட்டுத்தான் ஓடினேன் என்று ஒரு வரி சொல்லியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கேள்விகள். 2025 இல் கார் இறக்குமதி மறுபடி திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்கு வந்த ஜப்பான் கார்கள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. சாவியைத் தருபவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. கராஜில் வேலை செய்தும், நானே ஓட்டியும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

கொக்குவில் தம்பி: அண்ணை, சாதாரண குரூஸுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

சாதாரண குரூஸ் வேகத்தை மட்டும் பிடித்து வைக்கும். 70 என்று வைத்தால், முன்னால் லாண்ட் மாஸ்டர் (மெதுவாக ஓடும் இரண்டு சில்லு ட்ரக்டர்) போனாலும் அதற்கு 70 தான். இது முன்னால் போகிற வாகனத்தையும் பார்க்கும். காரின் முன்பக்கக் கொம்பனிச் சின்னத்துக்குப் பின்னாலோ பம்பருக்குள்ளோ ஒரு ரேடார் இருக்கும், முன்கண்ணாடியின் மேல் நடுவில் ஒரு கமெரா. சில கார்களில் கமெரா மட்டும்தான். முன்வாகனம் எவ்வளவு தூரத்தில் போகிறது, எங்களைவிட எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று கணக்குப் பார்த்து வேகத்தைக் குறைக்கும். அது விலகினால் நீங்கள் வைத்த வேகத்துக்கு ஏறும்.

இது புதுச் சங்கதியும் இல்லை. 1995 இலேயே மிட்சுபிஷி டயமன்ரேயில் லேசர் வைத்துச் செய்தார்கள். அது பிரேக் போடாது, அக்சிலரேட்டரையும் கியரையும்தான் குறைக்கும். ரேடார் வைத்து பிரேக்கும் போடுகிற ஏற்பாட்டை 1999 இல் பென்ஸ் கொண்டுவந்தது.

நெல்லியடியிலிருந்து: முன்வாகனத்தோடு விடுகிற இடைவெளிக்கு டாஷ்போர்டில் மூன்று கோடு காட்டுது. எதை வைக்கிறது?

மூன்றையும் வையுங்கள். 70 இல் போகும்போது கார் ஒரு செக்கனுக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடுகிறது. இரண்டு செக்கன் இடைவெளி என்றால் ஏறத்தாழ 40 மீற்றர். ஒரு கோட்டில் வைத்தால் இடைவெளி நன்றாகக் குறைந்துவிடும். பெரிய இடைவெளி விட்டால் மினிபஸ் வந்து புகுந்துவிடும் என்று சொல்வீர்கள். புகுந்துகொள்ளட்டும். கார் தானாகப் பின்வாங்கி மறுபடி இடைவெளி எடுத்துக்கொள்ளும்.

கிளிநொச்சி ஆசிரியர் ஒருவர்: முன்னால் வாகனம் நின்றால் கார் தானாக நிற்கும் என்கிறார்களே, நம்பலாமா?

ஐயா, மற்ற எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

நீங்கள் பின்தொடர்ந்து வந்த வாகனம் மெல்ல மெல்ல நின்றால் பெரும்பாலும் இதுவும் நிற்கும். ஏற்கெனவே அசையாமல் நிற்கும் வாகனம் வேறு கதை. மதகு, பெயர்ப்பலகை, வேலித் தூண் எல்லாமே ரேடாருக்கு நிற்கிற பொருள்தான். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது. அதனால் பல கார்கள் வேகமாக ஓடும்போது நிற்கிற பொருளைக் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு நடந்தது இது. மாங்குளம் தாண்டி வருகிறேன், கருக்கல் நேரம். முன்னால் ஒரு லொறி, குரூஸ் அழகாகப் பின்தொடர்கிறது. லொறி திடீரென்று வலப்பக்கம் விலகிப் போனது. அது விலகிய இடத்தில் நெல் மூட்டையோடு ஒரு ட்ரக்டர் பெட்டி, பின் லைட் இல்லாமல் நிற்கிறது. என் கார் என்ன செய்தது தெரியுமா? முன்னால் ஒருவரும் இல்லை என்று நினைத்து வேகத்தை ஏற்றத் தொடங்கியது! இருக்கை முதுகில் இழுத்ததை உணர்ந்ததும் பிரேக்கை மிதித்தேன். நின்ற பிறகு கதவைத் திறந்தால், பெட்டியின் பின்பலகையில் தொங்கிய சாக்குக் கயிறு எனக்குத் தெரிந்தது. அவ்வளவு கிட்ட.

நல்லபடி கண்டுகொண்டாலும், குரூஸ் போடுகிற பிரேக் முழு பிரேக் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் தேவைப்பட்டால் பீப் அடித்து உங்களைக் கூப்பிடும். கரையோரம் போகும் மோட்டார் சைக்கிளையும் தவறவிடலாம். பின்னால் கம்பி நீட்டிக்கொண்டு போகும் லொறியில் அது லொறியின் உடம்பைத்தான் அளக்கும், கம்பியின் நுனியை அல்ல. இரவில் தார் சூட்டுக்கு வீதியில் படுத்திருக்கும் மாடுகளை இதை நம்பி விடவே கூடாது.

சாவகச்சேரி அக்கா: கோயிலில் பூசை செய்து வந்த நாளில் இருந்து "ரேடார் வேலை செய்யவில்லை" என்று எழுத்து வருது. பழுதோ?

பெரும்பாலும் பழுதாக இருக்காது அக்கா. சின்னத்தில் அப்பிய சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மாலையையும் கழற்றிப் பாருங்கள். பொட்டு வைக்க பொனட்டில் நிறைய இடம் இருக்கிறது. முன்கண்ணாடியின் மேலே "முருகன் துணை" ஸ்டிக்கர் கமெராவை மறைத்தாலும் இதே கதைதான், அதைக் கீழே ஒரு மூலையில் ஒட்டலாம். எங்கள் செம்மண் சேறும், இரவுப் பூச்சிகளும் இதே வேலையைச் செய்யும். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எப்படியும் எல்லோரும் நிற்கிறோம். தேங்காய் உடைத்துவிட்டு முன்பக்கத்தையும் ஒரு தரம் துடைத்துவிடுங்கள்.

மானிப்பாய்: மாரி மழையில் போடலாமா?

வேண்டாம். தண்ணீர் தேங்கிய வீதியில் சில்லு வழுக்கும்போது கார் தானாக வேகம் ஏற்றினால் பிடிப்பது கஷ்டம்.

ஓய்வுபெற்ற சாரதி ஐயா ஒருவர்: காலை எங்கே வைக்க வேண்டும்?

பிரேக்குக்கு நேரே, தொடாமல். பலர் பழக்கதோஷத்தில் அக்சிலரேட்டரில் காலைச் சும்மா வைத்திருக்கிறார்கள். அது மிதிபட்டிருக்கும்வரை குரூஸ் பிரேக் போடாது. பிரேக்கைத் தொட்டால் குரூஸ் விடுபடும், வைத்த வேகம் மட்டும் ஞாபகத்தில் இருக்கும். ஊருக்குள் 50 தான் சட்டம். அங்கே தெரியாமல் ரெசியூம் பொத்தானை (முன்பு வைத்த வேகத்துக்குத் திரும்பச் சொல்வது) அமத்தினால் 70 க்குப் பாயப் பார்க்கும். பரந்தன், கிளிநொச்சி வரும்போதே நான் குரூஸை முழுவதும் நிறுத்திவிடுவேன்.

வவுனியா தங்கச்சி: அது பிரேக் போடும்போது பின்னால் வருபவருக்குத் தெரியுமா?

தெரியும், பிரேக் லைட் எரியும்.

யாழ்ப்பாணம் திருநெல்வேலியிலிருந்து: கல் பட்டு முன்கண்ணாடி மாற்றினேன். அதற்குப் பிறகு குரூஸ் சரியில்லை, வளைவில் பக்கத்து வண்டிக்கெல்லாம் பிரேக் போடுகிறது.

கண்ணாடி மாற்றினால் கமெராவின் பார்வைக் கோணத்தைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். ஒரு பாகை விலகினாலே 60 மீற்றரில் ஒரு மீற்றர் தள்ளிப் பார்க்கும். பம்பர் கழற்றிப் பூட்டினாலும் ரேடாருக்கு இதேதான். சமதரையில் இலக்குப் பலகை வைத்து ஸ்கானரில் (காரின் கணினியோடு இணைக்கிற கருவி) செய்கிற வேலை. அது முடியும்வரை குரூஸைப் போடாதீர்கள் தம்பி. மோதப் போகும்போது தானாக விழுகிற தானியங்கி பிரேக்கும் பல கார்களில் அதே கமெராவை நம்பித்தான் இருக்கிறது. அதனால் கண்ணாடிக்காரரிடம் காசு கொடுக்க முன்னமே இந்த வேலையும் சேர்த்தோ என்று கேளுங்கள்.