530, 1,680, 44: இதில் எது அதிகம்?

தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி பாக்கெட்டுகளைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, டாக்டர் ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிடச் சொல்லியிருக்கிறாராம். மலேசியாவிலிருந்து மகன் அனுப்பிய மால்ட் பவுடரில் 1,680, கடையில் வாங்கிய தேன்குழலில் 530, குளிர்பான பாட்டிலில் 44. "அப்போ குளிர்பானம்தானே இருக்கிறதிலேயே நல்லது? கவுனி அரிசியில் 350 என்று போட்டிருக்கிறதே, அதையும் நிறுத்திவிடவா?" என்று கேட்கிறார்.

இல்லை ஆச்சி, முதலில் நிறுத்த வேண்டியதே அந்த 44 போட்ட பாட்டிலைத்தான். எண்ணைப் பார்த்தீர்கள், அது எவ்வளவுக்கு என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். 44 என்பது 100 மில்லிக்கு. நீங்கள் அனுப்பிய பாட்டில் 600 மில்லி, ஆக முழுசாகக் குடித்தால் 264. அதைவிட எனக்குக் கவலை தருவது சர்க்கரை: 100 மில்லிக்கு 11 கிராம் என்றால் பாட்டிலுக்கு 66 கிராம். நம் நாட்டு லேபிள்களில் சதவீதம் கணக்கிட எடுத்துக்கொள்ளும் அளவே, 2,000 கிலோகலோரி சாப்பிடுகிறவருக்கு, ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரைதான். சர்க்கரை திடீரென்று இறங்கி கை நடுங்கும்போது கொஞ்சம் இனிப்பாகக் கொடுப்பது வேறு விஷயம், அதை டாக்டர் சொன்னபடி செய்யுங்கள். மற்றபடி வேண்டாம்.

அந்த 1,680 கலோரியே இல்லை. அது கிலோஜூல். வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் அப்படிப் போடுவது வழக்கம், 4.2ஆல் வகுத்தால் 400 வரும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பக்கத்திலேயே பொடி எழுத்தில் 400 கிலோகலோரி என்றும் இருக்கிறது. டாக்டர் சொன்ன 1,500 கலோரியும் இந்தக் கிலோகலோரிதான், பேச்சில் 'கிலோ'வை விட்டுவிடுகிறோம். சரி, 400ஆவது 100 கிராம் பவுடருக்கு. ஒரு டம்ளருக்கு 20 கிராம் போட்டால் 80தான். ஆனால் பாலும் நீங்கள் மேலே போடும் சர்க்கரையும் அந்த எண்ணில் இல்லை. 150 மில்லி பசும்பாலுக்கு ஏறக்குறைய 100, இரண்டு டீஸ்பூன் சர்க்கரைக்கு 40, ஆக டம்ளர் 220 ஆகிவிடுகிறது.

தேன்குழலுக்கு வருவோம். 100 கிராமில் புரதம் 7, மாவுச்சத்து 58, கொழுப்பு 30 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பெருக்கிப் பார்த்தேன்: 28, 232, 270, கூட்டினால் சரியாக 530. அதில் பாதிக்கு மேல் எண்ணெயிலிருந்தே வருகிறது. எந்தப் பாக்கெட்டையும் நீங்களே இப்படிச் சரிபார்க்கலாம், ஐந்து பத்து முன்பின் இருந்தால் பரவாயில்லை. அப்புறம், முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும் 159 ஒரு பாக்கெட்டுக்கு இல்லை, 30 கிராமுக்கு! நான் காரைக்குடியில் வாங்கிய தேன்குழலைச் சமையல் தராசில் வைத்தேன், இரண்டே இரண்டு 34 கிராம் இருந்தது. மாலையில் காபியோடு இரண்டு சாப்பிட்டால் 180. உங்கள் பாக்கெட் 200 கிராம், அதை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் உள்ளே போய்விட்டால் 1,060.

கவுனி அரிசியை நிறுத்த வேண்டாம். 350 என்பது 100 கிராம் வேகாத அரிசிக்கு. வெந்ததும் தண்ணீரை இழுத்துக்கொண்டு இரண்டு மடங்குக்கு மேல் கனத்துவிடும், அதனால் சாதமாக எடைபோட்டு அந்த 350ஐ வைத்துக் கணக்குப் போடாதீர்கள். ஊறப்போடும் முன்பே எடைபோடுங்கள்: 40 கிராம் அரிசி என்றால் 140, அது ஒருவருக்குப் போதும். விசேஷத்துக்குச் செய்கிற மாதிரி சீனியும் நெய்யும் தேங்காய்ப்பூவும் சேர்த்தால் அவற்றுக்குத் தனிக் கணக்கு, ஒரு மேசைக்கரண்டி நெய்யே 120 கிட்ட வரும். அவருக்கு மட்டும் சீனி போடும் முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்துவிடுங்கள், அதையும் அன்றைய சாதத்துக்குப் பதிலாகக் கொடுங்கள்.